புது சர்வரைச் சோதிக்க ஹோஸ்ட்ஸ் ஃபைல்: நோட்பேடோடு மல்லுக்கட்டாமல் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: வாடிக்கையாளர் ஒருவரின் இணையதளத்தைப் புது சர்வருக்கு நகலெடுத்தாயிற்று. டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயருக்கு எந்த சர்வர் முகவரி என்று உலகத்துக்குச் சொல்லும் பதிவை, மாற்றும் முன் அங்கே தளம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்கிறார்கள். விண்டோஸ் 11இல் நோட்பேடில் திறந்து சேமித்தால் அனுமதி இல்லை என்கிறது. எப்படியோ சேமித்த பிறகும் பழைய தளமே வருகிறது. கட்டளை எதுவும் அடிக்காமல், பட்டனைத் தட்டிச் செய்ய ஒரு கருவி உண்டா?

உண்டு. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் 2022இல் ‘ஹோஸ்ட்ஸ் ஃபைல் எடிட்டர்’ என்ற கருவி சேர்ந்தது. உங்கள் வேலைக்கு அதுவே போதும். ஆனால் கருவி தீர்ப்பது பாதிச் சிக்கலைத்தான். “பழைய தளமே வருகிறது” என்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு இடத்தில் இருக்கும். அதையும் சேர்த்தே சொல்கிறேன். பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் அந்த ஃபைல் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்ற பட்டியல் ஒரே ஃபைலாக இருந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்ற எல்லாரும் அங்கிருந்து நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகாமல் போனது. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பழைய ஃபைல் மட்டும் ஒவ்வொரு கணினியிலும் இன்றுவரை தங்கிவிட்டது. ஒரு பெயருக்கு முகவரி தேடும்போது கணினி முதலில் இந்த ஃபைலைப் பார்க்கும். அதில் இல்லையென்றால்தான் டிஎன்எஸ்ஸிடம் போகும். நீங்கள் பயன்படுத்திக்கொள்ளப் போவது இந்த முன்னுரிமையைத்தான்: உலகம் முழுவதும் பழைய சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கும்போது உங்கள் கணினி மட்டும் புதியதற்குப் போகும்.

நோட்பேட் ஏன் படுத்துகிறது? ஃபைல் இருப்பது சி டிரைவில் விண்டோஸ், அதனுள் சிஸ்டம்32, அதனுள் டிரைவர்ஸ், அதனுள் ஈடிசி என்ற ஃபோல்டரில். சாதாரணப் பயனர் அதைப் படிக்கலாம், எழுத முடியாது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காத நோட்பேட், சேமிக்கும்போது ‘எங்கே சேமிப்பது’ என்று ஒரு ஜன்னலைத் திறக்கும். பலர் அங்கே டெஸ்க்டாப்பைக் காட்டிவிட்டு, பிறகு அந்த ஃபைலை ஈடிசி ஃபோல்டருக்கு இழுத்துப் போடுகிறார்கள். பெயரின் கடைசியில் புள்ளி டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்வது அங்கேதான். ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு எக்ஸ்டென்ஷனே கிடையாது. விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்துக் காட்டுவதால் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் இரண்டு ஃபைல் இருப்பதுபோலத் தெரியும். நீங்கள் மாற்றியது ஒன்று, கணினி படிப்பது இன்னொன்று. இப்போதே அந்த ஃபோல்டரைத் திறந்து, வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். டிஎக்ஸ்டி ஒன்று கிடந்தால் அழித்துவிடுங்கள்.

இனி கருவி. பவர்டாய்ஸை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் டவுன்லோடு தளத்தில் எடுக்க வேண்டாம். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதும் உரிமையுள்ள நிரல் உங்களை எந்தப் போலித் தளத்துக்கும் திருப்பிவிட முடியும். அதனால் இந்த ஒரு கருவி எங்கிருந்து வருகிறது என்பதில் கறாராக இருங்கள். நிறுவியதும் செட்டிங்ஸில் ஹோஸ்ட்ஸ் ஃபைல் எடிட்டர் பக்கத்துக்குப் போய் அதை இயக்குங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டராகத் திற’ என்ற சுவிட்ச் இயங்கியிருக்க வேண்டும். அது அணைந்திருந்தால் ஃபைலைப் பார்க்கலாம், எழுத முடியாது. திறந்தவுடன் ஓர் எச்சரிக்கை வரும். படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

புது வரி சேர்க்கும் பட்டனைத் தட்டினால் மூன்று பெட்டிகளும் ஒரு சுவிட்சும் வரும். புது சர்வரின் முகவரி 203.0.113.10, தளம் எக்ஸாம்பிள்.காம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் உதாரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. முகவரிப் பெட்டியில் அந்த எண். ஹோஸ்ட்ஸ் பெட்டியில் எக்ஸாம்பிள்.காம் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முன்னால் டபிள்யூ மூன்று சேர்த்த அதே பெயர். இரண்டும் வேண்டும். இந்த ஃபைலைப் பொறுத்தவரை டபிள்யூ உள்ளதும் இல்லாததும் வெவ்வேறு பெயர்கள். ஒன்றை மட்டும் எழுதினால் தளம் மற்றதற்குத் திருப்பிவிடும்போது நீங்கள் சத்தமில்லாமல் பழைய சர்வருக்குப் போய்விடுவீர்கள். “சேமித்தாலும் பழைய தளமே வருகிறது” என்ற புகாரில் இது அடிக்கடி தட்டுப்படும் காரணம்.

படங்களுக்கோ அட்மின் பக்கத்துக்கோ தனி சப்டொமைன் இருந்தால் அதையும் எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லா சப்டொமைனையும் ஒரே வரியில் பிடிக்க முடியாது. இந்த ஃபைலுக்கு அது புரியாது. எச்டிடிபிஎஸ், சாய்கோடு, போர்ட் எண் எதுவும் போடக்கூடாது. ஒரு வரியில் 9 பெயர்களுக்கு மேல் எழுதினால் விண்டோஸ் மீதியைக் கண்டுகொள்ளாது, அடுத்த வரி தொடங்குங்கள்.

மூன்றாவது பெட்டி கமெண்ட். பெரும்பாலோர் காலியாக விடுவது இது. ஆனால் இந்தக் கருவியில் அதிகம் மதிக்க வேண்டிய பெட்டி இதுதான் என்பேன். யாருடைய தளம், எதற்காக, எந்தத் தேதியில், எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். ஹோஸ்ட்ஸ் ஃபைலால் வரும் மிக மோசமான தொல்லை எழுத்துப்பிழையால் வருவதில்லை, மறந்துபோன வரியால் வருகிறது. டிஎன்எஸ் மாறி மாதங்கள் கழித்து, தளம் மறுபடி வேறு சர்வருக்குப் போன பிறகு, உங்கள் ஒரு கணினியில் மட்டும் அது திறக்காது. வாடிக்கையாளருக்குத் திறக்கிறது, உங்கள் கைப்பேசியில் திறக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டு, பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவி, அரை நாள் ஓடிவிடும். கமெண்ட்டைத் தமிழிலேயே எழுதலாம். கருவியின் செட்டிங்ஸில் என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8, பாம் எனும் தொடக்கக் குறி இல்லாதது என்று இருந்தால் எழுத்து சிதறாது.

தமிழ் என்றதும் இன்னொன்று: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் டொமைன் ஏதாவது உங்களிடம் இருந்தால், ஹோஸ்ட்ஸ் பெட்டியில் அதைத் தமிழில் எழுதினால் பலன் இருக்காது. பிரவுசர் அந்தப் பெயரை எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பிறகே தேடும். ப்யூனிகோட் எனப்படும் அந்த வடிவத்தைத்தான் எழுத வேண்டும்.

‘ஆட்’ தட்டியவுடன் ஃபைலில் எழுதப்பட்டுவிடும், தனியாகச் சேமிக்கத் தேவையில்லை. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அணைத்தால் கருவி அந்த வரியின் தொடக்கத்தில் எண் குறியை (#) போட்டுக் கணினி படிக்காதபடி செய்கிறது. வரி அழியாது. பழைய சர்வர், புது சர்வர் என்று மாற்றி மாற்றிப் பார்க்க இதைத்தான் தட்டப்போகிறீர்கள். ஒரே பெயர் இரண்டு வரிகளில் இருந்தால் கருவி எச்சரிக்கைக் குறி காட்டும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். எந்த முகவரி ஜெயிக்கும் என்பது நிரலுக்கு நிரல் மாறும்.

கையால் ஒழுங்காக எழுதிய பழைய ஃபைல் உங்களிடம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. ‘வாடிக்கையாளர் தளங்கள்’, ‘லோக்கல் சோதனை’ என்று எண் குறி போட்டுத் தனி வரியில் தலைப்பு வைத்திருப்பீர்கள். முகவரி இல்லாத அந்த வரிகளைப் பவர்டாய்ஸ் ‘கூடுதல் வரிகள்’ என்று ஒன்றாகத் திரட்டி ஃபைலின் மேலேயோ கீழேயோ வைத்துவிடும். தலைப்புகள் ஓரிடத்தில், உள்ளடக்கம் வேறிடத்தில். நிரலர்கள் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் என்ற மென்பொருள் தன் வரிகளுக்கு முன்னும் பின்னும் போட்டுவைக்கும் அடையாள வரிகளுக்கும் இதே கதிதான். தலைப்பு வேண்டுமென்றால் அதை ஒவ்வொரு வரியின் கமெண்ட்டுக்குள் கொண்டுபோங்கள்.

வரி எழுதியாயிற்று, இனி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயருக்கு முகவரி கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையை இங்கே நம்பாதீர்கள். அது ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காமல் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். வரி சரியாக இருந்தாலும் பழைய முகவரியையே காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஃபைலைப் போட்டுக் குடைபவர்கள் நிறையப் பேர். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு, தளத்தின் பெயர். முதல் வரியில் அடைப்புக்குறிக்குள் வரும் எண் 203.0.113.10 என்றால் ஃபைல் படிக்கப்படுகிறது. அதன் கீழே ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தாலும் கவலை வேண்டாம், பல சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். நமக்குத் தேவை அந்த எண் மட்டுமே.

பிங் சரி, பிரவுசர் மட்டும் பழையதைக் காட்டுகிறது என்றால், பிரவுசர் தன் பழைய இணைப்பையே இன்னும் பிடித்துவைத்திருக்கிறது. ரீஃப்ரெஷ் அடித்தால் அதே இணைப்பில்தான் போகும். பிரவுசரின் எல்லா ஜன்னல்களையும் மூடித் திறங்கள். குரோம் பின்னணியில் ஓடும்படி இருந்தால் டாஸ்க்பாரின் மூலையிலிருந்தும் வெளியேறுங்கள். விண்டோஸ் தன் அளவில் ஃபைல் மாறியதைத் தானே கவனித்துக்கொள்ளும். சந்தேகமிருந்தால் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அடியுங்கள், விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பழைய முகவரிகள் அழியும்.

நீங்கள் பார்க்கும் பக்கம் எந்த சர்வரிலிருந்து வந்தது என்பதைக் கண்ணால் உறுதிசெய்யவும் வழி இருக்கிறது. எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பட்டியலில் முதல் வரியைத் தட்டினால் ஹெட்டர்ஸில் ‘ரிமோட் அட்ரஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே 203.0.113.10:443 என்று பார்த்துவிட்டால் பிறகு வாதமே இல்லை. இரண்டு சர்வரிலும் தளம் ஒரே மாதிரிதான் இருக்கும். தோற்றத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. ரிமோட் அட்ரஸில் 127.0.0.1 (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) என்றோ சம்பந்தமில்லாத எண்ணோ வந்தால் உங்களுக்குப் பதிலாகத் தளத்தோடு பேசும் ப்ராக்ஸி ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது: பிரவுசரின் விபிஎன் எக்ஸ்டென்ஷன், அலுவலக ப்ராக்ஸி, சில ஆன்டிவைரஸ்களின் இணையப் பாதுகாப்பு. ப்ராக்ஸி வழியாகப் போகும்போது பெயருக்கு முகவரி தேடுவது ப்ராக்ஸியின் வேலை. உங்கள் ஹோஸ்ட்ஸ் ஃபைல் அதற்குத் தெரியாது. சோதிக்கும் நேரத்துக்கு அதை அணையுங்கள்.

அடுத்து வரும் தடை, எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழ். புது சர்வரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழ் எடுக்க முயன்றால் வழக்கமான முறையில் தோற்கும். அவர்கள் பொது டிஎன்எஸ்ஸைப் பார்த்துப் பழைய சர்வரிடம் போய்ச் சோதிப்பார்கள், உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைல் அவர்களுக்குப் பொருட்டல்ல. புது சர்வரில் சான்றிதழ் இல்லாததால் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே திறக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ்ஸைத் தளம் பயன்படுத்தினால் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பட்டனும் கிடைக்காது. இரண்டு வழி உண்டு. பழைய சர்வரின் சான்றிதழையும் சாவியையும் புதியதற்கு நகலெடுங்கள், அது காலாவதியாகும்வரை செல்லும். அல்லது டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி பதிவு சேர்த்து உறுதிசெய்யும் முறையில் புதுச் சான்றிதழ் எடுங்கள். நகலெடுப்பதுதான் சீக்கிரம் முடியும்.

பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று பக்கங்களைத் தரும் கிளவுட்ஃப்ளேர் போன்ற சிடிஎன்னுக்குப் பின்னால் தளம் இருந்தால், உங்கள் ஹோஸ்ட்ஸ் வரி அதைத் தாண்டி நேராக சர்வரைத் தொடும். அங்கே நிறுவியிருப்பது கிளவுட்ஃப்ளேர் தன்னோடு சர்வர் பேசுவதற்கு மட்டும் தரும் ஆரிஜின் சான்றிதழ் என்றால் பிரவுசர் அதை நம்பாது. சர்வர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். தளம் தன்னைத்தானே அழைக்கும் வேலைகள் உண்டு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அதில் ஒன்று. அந்த அழைப்பு புது சர்வரிலிருந்து கிளம்பி, பொது டிஎன்எஸ்ஸைக் கேட்டு, பழைய சர்வருக்குப் போய்ச் சேரும். புது சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் அதே பெயர்களை 127.0.0.1க்குக் காட்டி ஒரு வரி சேர்த்துவிட்டால் சோதனை உண்மையான சோதனையாக இருக்கும். ஆர்டர் போட்டும் படிவம் நிரப்பியும் பார்ப்பதெல்லாம் புது சர்வரின் டேட்டாபேஸில் விழும். மாற்றும் நாளில் பழையதிலிருந்து மறுபடி நகலெடுக்கும்போது அது போய்விடும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து வாடிக்கையாளர்களின் தளங்களைக் கையாள்கிறீர்கள் என்றால் பவர்டாய்ஸின் ஒற்றைப் பட்டியல் சீக்கிரமே நெருக்கடியாகிவிடும். அப்போது ஸ்விட்ச்ஹோஸ்ட்ஸ் நல்லது. இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இடப்பக்கம் தொகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். ஒரு வாடிக்கையாளரின் ஆறு வரிகளும் ஒரே தட்டில் ஏறும், இறங்கும். முதல்முறை இயக்கும்போது, இருக்கும் ஃபைலின் கடைசியில் சேர்ப்பதா, முழுதாக மாற்றி எழுதுவதா என்று கேட்கும். கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றி எழுதச் சொன்னால் ஏற்கனவே இருந்த வரிகள் அத்தனையும் போய்விடும். மேக்கிலும் லினக்ஸிலும் கணினி தன்னையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரின் வரியும் அதோடு போகும். பவர்டாய்ஸையும் இதையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்விட்ச்ஹோஸ்ட்ஸ் போடும் அடையாள வரியைப் பவர்டாய்ஸ் நகர்த்திவிட்டால் எது யாருடைய வரி என்றே தெரியாமல் போகும்.

மேக்கிலும் லினக்ஸிலும் ஃபைல் ஈடிசி ஃபோல்டரில் நேராக இருக்கும். உபுண்டுவில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியைத் தேவையில்லாதது என்று அழித்துவிடாதீர்கள். அது உங்கள் கணினியின் சொந்தப் பெயர். அழித்தால், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கட்டளைகளை ஓட்டும் சுடோ ஒவ்வொரு முறையும் பெயர் கிடைக்கவில்லை என்று முனகும். விண்டோஸுக்குள் லினக்ஸைத் தரும் டபிள்யூஎஸ்எல் ஓட்டுபவர்களுக்கு: அதன் ஹோஸ்ட்ஸ் ஃபைல் விண்டோஸின் ஃபைலிலிருந்து தானாக எழுதப்படுகிறது. உள்ளே கையால் மாற்றினால் அடுத்த முறை தொடங்கும்போது காணாமல் போகும். விண்டோஸ் பக்கத்திலேயே மாற்றுங்கள்.

கணினிக்குள்ளேயே சோதிக்கப் பெயர் வைப்பதானால் .டெஸ்ட் என்று முடியுங்கள், அது சோதனைக்கென்றே 1999இல் ஒதுக்கப்பட்டது. .லோக்கல் வேண்டாம், உள்வலையில் கருவிகள் ஒன்றையொன்று தேடும் முறைக்கு அது உரியது, மேக்கில் பக்கம் திறக்கத் தாமதமாகும். .டெவ் அதைவிடத் தொல்லை. அது கூகுளிடம் இருக்கும் உண்மையான டொமைன், பிரவுசர்கள் எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்கவே விடாது.

விளம்பரத் தளங்களைத் தடுக்கவும் இதே ஃபைலைப் பயன்படுத்துகிறார்கள். தடுக்கும் வரிக்கு 127.0.0.1ஐவிட 0.0.0.0 நல்லது. முன்னதை எழுதினால், உங்கள் கணினியில் வெப் சர்வர் ஓடும்போது அந்த விளம்பர அழைப்பெல்லாம் அதன் தலையில் விழும். ஆனால் லட்சம் வரிப் பட்டியலை இங்கே கொட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. விண்டோஸின் டிஎன்எஸ் சேவை அதைத் தூக்கிச் சுமந்து மந்தமாகும். யூடியூப் விளம்பரம் வீடியோ வரும் அதே பெயர்களிலிருந்து வருவதால் எப்படியும் நிற்காது. பயன்பாட்டுத் தகவல் திரட்டும் மைக்ரோசாஃப்ட்டின் டெலிமெட்ரி சர்வர்களைத் தடுத்தால் 2020இலிருந்து விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதை ‘ஹோஸ்ட்ஸ்ஃபைல்ஹைஜாக்’ என்று குற்றம்சாட்டும். ‘சரிசெய்’ என்று தட்டினால் ஃபைலைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும், உங்கள் சோதனை வரிகளும் சேர்ந்தே போகும்.

அப்படிப் போனாலும் மீட்க வழி இருக்கிறது. பவர்டாய்ஸ் தானாகவே அதே ஈடிசி ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்துவைக்கும். ஹோஸ்ட்ஸ், அடிக்கோடு, பவர்டாய்ஸ்பேக்கப், அதன்பின் ஆண்டு மாதம் தேதி நேரம் என்று பெயர் இருக்கும். இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலை நீக்கிவிட்டு, சரியான தேதியுள்ள நகலைத் தேர்ந்து, பெயரை வெறும் ஹோஸ்ட்ஸ் என்று மாற்றினால் முடிந்தது. நகல் எதுவுமே இல்லையென்றாலும் பயமில்லை. விண்டோஸில் இந்த ஃபைல் காலியாக இருந்தால்கூட இணையம் ஓடும், லோக்கல்ஹோஸ்ட்டை விண்டோஸ் தானே கவனித்துக்கொள்கிறது.

மாற்றும் நாளில் டிஎன்எஸ்ஸை மாற்றியதும் முதல் வேலை, கருவியைத் திறந்து அந்த வரியின் சுவிட்சை அணைப்பது. அணைக்காமல் தளத்தைத் திறந்து “மாறிவிட்டது” என்று வாடிக்கையாளருக்குச் சொன்னால் நீங்கள் பார்த்தது உங்கள் சொந்த வரியைத்தான், டிஎன்எஸ்ஸை இல்லை. அணைத்து, பிரவுசரை மூடித் திறந்து, ரிமோட் அட்ரஸில் அதே 203.0.113.10 வருகிறதா என்று பாருங்கள். பழைய எண் வந்தால் டிடிஎல், அதாவது டிஎன்எஸ் பதிவை நினைவில் வைத்திருக்க அனுமதித்த நேரம், தீரும்வரை பொறுக்க வேண்டும். புது எண் வந்துவிட்டால் அந்த வரியை அணைத்து வைக்காமல் அன்றைக்கே அழித்துவிடுங்கள். புது சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சேர்த்தீர்களே, அதையும்.